நியான் மீனும் தாய்மாமன் மாலையும்

முதலில் தப்புச் செய்தது தளவாய்தான். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "பாவம்யா அந்த மனுசன்" என்று யாரும் தளவாய் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது.

தளவாய், கொம்பையாவின் தங்கை கோமதியைக் கட்டியவர். அம்பாசமுத்திரத்தில் தையல் கடை வைத்திருந்தவர். அவருடைய மகள் கல்யாணத்தில் தாய்மாமனுக்கு மாலை போடுகிற நேரம் வந்தது. கொம்பையா புது வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துப் படியச் சீவி, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டித் தயாராக நின்றார். படம் பிடிக்கிறவன், "மாலையப் போடுங்க சார், வெளிச்சம் நல்லா இருக்கு," என்றான். தளவாய் மாலையை வாங்கினார், திரும்பினார், பக்கத்தில் நின்ற மண்டபத்து மேனேஜர் கழுத்தில் போட்டுவிட்டார்.

மேனேஜர் சாம்பார் தீர்ந்துபோனதைச் சொல்ல வந்தவர். மாலை விழுந்ததும் அவரும் கும்பிட்டுச் சிரித்துவிட்டார். படமும் எடுத்தாயிற்று. ஆல்பத்தில் இன்றைக்கும் தாய்மாமன் இடத்தில் அந்த மேனேஜர்தான் நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு காது தெரிகிறது. அது கொம்பையாவின் காது.

"இன்னொரு மாலை வாங்கி எங்க அண்ணனுக்குப் போடுங்களேன்," என்று கோமதி அன்றைக்கே கேட்டாள். "கல்யாணந்தான் முடிஞ்சுபோச்சே," என்றார் தளவாய். மேனேஜருக்கு மாலை போட்டதையாவது கைத்தவறு என்று விடலாம். இந்தப் பதிலை எதில் சேர்ப்பது?

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. ஆனால் ஒரே தெருவில் இருந்துகொண்டு, அதுவும் பெண் கொடுத்த இடத்தில், அடியோடு பேசாமல் காலம் தள்ள முடியாது. அதனால் சொல்ல வேண்டியதை இருவரும் சுவரிடம் சொல்வார்கள்.

"ஏ சுவரே, சாப்பிட்டாச்சான்னு கேளு," என்பார் தளவாய்.

"ஏ சுவரே, இந்த வீட்டுல சாப்பிடுததுக்கு நான் என்ன மண்டபத்து மேனேஜரான்னு கேளு," என்பார் கொம்பையா.

மகளைக் கட்டிக் கொடுத்தபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று தளவாய் ஒரு மீன் தொட்டி வாங்கினார். இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற கண்ணாடித் தொட்டி. அதில் நியான் மீன்களை விட்டார். ஒவ்வொன்றும் ஒரு கறிவேப்பிலை நீளம்தான். உடம்பில் நீலமாக ஒரு கோடு, வால் பக்கம் சிவப்பு. எல்லாம் ஒன்றாகப் போகும், ஒன்றாகத் திரும்பும். தளவாய் அந்தத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தால் கோமதி கூப்பிடுவது அவர் காதில் விழாது.

இப்படி இருக்கையில் புனேயில் இருக்கிற மகளுக்குப் பேறுகாலம் வந்தது. புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் போக வேண்டும். மீனை யாரிடம் விடுவது? கோமதி யோசிக்கவே இல்லை. "எங்க அண்ணன் பாத்துக்கிடும்," என்றாள்.

கொம்பையா வந்தார். கூடவே இசக்கியும் சொள்ளமுத்துவும் வந்தார்கள். மூன்று பேரும் அரிசி ஆலையில் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள். ஆலையை மூடிய பிறகும் ஒன்றாகத்தான் சுற்றினார்கள். மூட்டை தூக்கித் தூக்கி மூவருக்கும் முதுகு உரமேறியிருந்தது. தலையில் எதையும் அதிகம் ஏற்றிக்கொண்டதில்லை.

தளவாய் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"ஏ சுவரே, இது கூட்டத்துலயே இருக்கிற மீனு. ஒத்தையா இருந்தா பயந்தே செத்துப்போகும்."

"கேட்டுக்கிட்டேன்னு சொல்லு," என்றார் கொம்பையா, அதே சுவரைப் பார்த்து.

"காலையில ஒரு சிட்டிகை தீனி. சாயங்காலம் ஒரு சிட்டிகை. கூடப் போட்டா தண்ணி கெட்டுப்போகும்."

"சரின்னு சொல்லு."

"கண்ணாடியத் தட்டக் கூடாது. பக்கத்துல சத்தம் ஆகாது. இருட்டுனதும் லைட்ட அணைச்சிரணும், அதுவும் தூங்கணும்லா. வாரத்துக்கு ஒருக்கக் கால்வாசித் தண்ணிய எடுத்துட்டுப் புதுத்தண்ணி ஊத்தணும். குழாய்ல பிடிச்ச உடனே ஊத்தக் கூடாது. ஒருநா பூரா சும்மா வச்சிருந்துட்டுத்தான் ஊத்தணும்."

இசக்கியும் அதுவரை சுவரையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கொம்பையாவின் காதருகில் குனிந்து, "அண்ணாச்சி, சுவருக்கு இம்புட்டும் ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டான்.

அப்போதுதான் கோமதி நடுவில் வந்து நின்றாள். "திரும்பி வரும்போது மீனு ஒண்ணுகூடக் குறையாம இருந்தா, எங்க அண்ணன் கழுத்துல மாலை விழணும். நாலு பேரு பாக்க விழணும்."

தளவாய் தொட்டியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடைசியில் சுவரைப் பார்த்தார். "சரின்னு சொல்லு."

"உங்க கையால," என்றாள் கோமதி.

"கையாலதான்னு சொல்லு."

 கொம்பையாவின் கழுத்து சட்டைக் காலருக்கு வெளியே கொஞ்சம் நீண்டது.

மறுநாள் காலையில் தீனி போட வேண்டும். இசக்கி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டான். தண்ணீரின் மேல்பரப்பு முழுக்கத் தீனி மூடிவிட்டது. உள்ளே மீன் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"ஏ, இது சிட்டிகையா?" என்றார் கொம்பையா.

"ரெண்டு விரலாலதான் அண்ணாச்சி எடுத்தேன்."

"உன் விரலு ஒண்ணொண்ணும் வாழைப்பூ கணக்கா இருக்கு. அதுல எடுத்தா எப்படிச் சிட்டிகையாகும்?"

டீ வடிகட்டியைக் கொண்டுவந்து மூன்று பேரும் தீனியை அள்ளி எடுத்தார்கள். பிறகு உட்கார்ந்து யோசித்தார்கள். சிட்டிகை என்றால் யாருடைய சிட்டிகை? சொன்னவருடைய சிட்டிகைதான். சொன்னவர் புனேக்கு ரயிலேறிவிட்டார்.

"அவரு தையல்காரரு," என்றான் சொள்ளமுத்து. "ஊசி பிடிச்ச விரலு. அப்ப தையல்காரரு சிட்டிகைதான் மீனுக்கு ஒத்துக்கிடும்."

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைத்தெருவில் இருந்த இன்னொரு தையல்காரரைப் போய்க் கூப்பிட்டார்கள். அவர் காலையிலும் சாயங்காலமும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போனார். எதற்கென்று அவர் கேட்கவில்லை. தளவாய் வீட்டில் ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். போகும்போது கும்பிட்டுவிட்டும் போவார்.

தூக்க விஷயம்தான் பெரும்பாடாகிவிட்டது. இருட்டினதும் விளக்கை அணைத்தார்கள். மீன்கள் ஆடாமல் அசையாமல் நின்றன. ஆனால் ஒன்றுகூடக் கண்ணை மூடவில்லை.

"முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு," என்றார் கொம்பையா. "தூக்கமில்லாமக் கெட்டுப்போச்சுன்னா நாளைக்கு மாலை கேக்க முடியுமா?"

"மூணு தடியங்க உத்துப் பாத்துக்கிட்டு இருந்தா யாருக்கு அண்ணாச்சி தூக்கம் வரும்?" என்றான் இசக்கி.

அதுவும் நியாயம்தான் என்று மூன்று பேரும் திரும்பி உட்கார்ந்தார்கள். திரும்பி உட்கார்ந்த பிறகு மீன் தூங்கியதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மறுபடி திரும்பிப் பார்த்தார்கள். எல்லாம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"தாலாட்டுப் பாடுனா தூங்கிரும்," என்றான் சொள்ளமுத்து.

"சத்தம் கூடாதுன்னு சொல்லியிருக்கு."

"அப்ப சத்தமில்லாமப் பாடுவோம்."

எதிர்வீட்டு மரகதம், கோமதி முறுக்கு வைத்துக் கொடுத்துவிட்டுப் போன தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அரை இருட்டில் மூன்று ஆண்கள் ஒரு தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டி, வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். தொட்டிக்குள் மீன்களும் அப்படியே செய்துகொண்டிருந்தன.

"என்ன அண்ணாச்சி, மூணு பேருக்கும் ஒரே நேரத்துலயா பல்லு வலி?" என்றாள்.

கொம்பையா விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். அவள் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு ஓசைப்படாமல் போய்விட்டாள்.

வாரம் முடிந்தது. தண்ணீர் மாற்ற வேண்டும். முந்தின நாளே ஒரு பிளாஸ்டிக் வாளியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தார்கள்.

"ஒருநா பூரா எதுக்கு வைக்கச் சொல்லுதாவ?" என்று கேட்டான் இசக்கி.

கொம்பையா யோசித்தார். "பாபநாசம் மலையிலேர்ந்து குழாய்க்குள்ளயே குனிஞ்சுக்கிட்டு வந்திருக்கு. அலுப்பு இருக்காதா? கொஞ்சம் படுத்து எந்திரிச்சாத்தான் வேலைக்கு ஆகும்."

வாளிக்குப் பாய் விரித்தார்கள். மேலே ஒரு துண்டைப் போர்த்தினார்கள். கட்டில் ஒன்றுதான் இருந்தது, அதை வாளிக்குக் கொடுத்துவிட்டுக் கொம்பையா தரையில் படுத்தார். மின்விசிறியும் வாளிப் பக்கமே ஓடியது.

மறுநாள்தான் உண்மையான சிக்கல் வந்தது. கால்வாசித் தண்ணீரை எடுக்க வேண்டும். இசக்கி ஒரு டம்ளரை முக்கப் போனான். சொள்ளமுத்து அவன் கையைப் பிடித்துவிட்டான்.

"நில்லு. எந்தக் கால்வாசி?"

"என்னவே, கால்வாசின்னா கால்வாசி."

"இன்னைக்கு இந்தக் கால்வாசிய எடுத்துப் புதுசு ஊத்துதோம். அடுத்த வாரம் தெரியாம அதே கால்வாசிய எடுத்துட்டா? புதுத்தண்ணியத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக்கிட்டு இருப்போம். மத்த முக்காவாசியும் பழசாவே கிடந்து நாறும்."

கொம்பையாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எவ்வளவு பெரிய ஆபத்து கையருகில் வந்துபோயிருக்கிறது. சுண்ணாம்புக் கட்டியால் கண்ணாடியின் மேல் கோடு போட்டு, தொட்டியை இடமிருந்து வலமாக நாலு பாகமாகப் பிரித்தார். இந்த வாரம் இடது ஓரம். இசக்கி இடது ஓரத்துத் தண்ணீரை மட்டும், மற்ற பாகத்துத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்துவிடாதபடி மெல்ல மெல்ல மொண்டான். வலது பக்கத்துத் தண்ணீர் எல்லை தாண்டாமல் இருக்கிறதா என்று சொள்ளமுத்து காவல் பார்த்தான்.

"தாண்டுதா?"

"தாண்டல. ஒழுங்கா நிக்குது."

இப்படிக் காவல் பார்க்கும்போதுதான் சொள்ளமுத்து அந்த மீனைக் கவனித்தான். எல்லா மீனும் நடுவில் ஒன்றாக நிற்க, ஒன்று மட்டும் வலது மூலையில், பாசிச்செடிக்குப் பின்னால் தனியாக நின்றது.

"அண்ணாச்சி, ஒருத்தன் ஒத்தையா நிக்கான்."

ஒற்றையாக நின்றால் பயந்தே செத்துப்போகும். அது செத்தால் மாலை போயிற்று. கொம்பையா ஓடிவந்து குனிந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இது பயந்து நிக்கல. இவனுக்கு ஏதோ மரியாதைக் குறைச்சல் நடந்திருக்கு."

"மீனுக்குள்ளயா?"

"மூஞ்சியப் பாரு. எவனோ இவனை முறையாக் கூப்பிடல. தீனிக்கு முந்திக்கிட்டுப் போயிருப்பானுவ. இப்பப் பேச்சு இல்ல."

"அப்ப இவனைப் பிடிச்சு அந்தக் கூட்டத்துல விட்டுருவோமா?" என்று இசக்கி வடிகட்டியை எடுத்தான்.

"வைடே அதை. தப்புச் செஞ்சவனுவ அங்க நிக்கானுவ. குறைபட்டவன் எதுக்குப் போகணும்? அவனுவ வரட்டும்."

"அவனுவ வரல்லன்னா இவன் செத்துருவானே அண்ணாச்சி. இவன் செத்தா உங்களுக்கு மாலை இல்லையே."

கொம்பையாவுக்கு ஒரு பக்கம் மாலை, ஒரு பக்கம் மானம். மத்தியானச் சாப்பாட்டை அவர் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு முடிவு சொன்னார்.

"கூட்டந்தானே வேணும். அந்தக் கூட்டம் இவனுக்கு வேண்டாம். நாம இருப்போம்."

மூன்று பேரும் போய்த் தொட்டியின் வலது மூலைப் பக்கம் நெருங்கி நின்றார்கள். மீன் செடிக்குள் இன்னும் பதுங்கியது.

"நம்மள வேத்தாளுன்னு நினைக்கான்," என்றான் சொள்ளமுத்து. "சொந்தக்காரன்னு தெரியணும்லா."

தளவாய் அலமாரியில் தைத்தும் யாருக்கும் ஆகாமல் கிடந்த நீலச் சட்டைகள் இருந்தன. ஏதோ கம்பெனிக்காரன் அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தது. மூன்று பேரும் ஆளுக்கொன்றை மாட்டிக்கொண்டார்கள். இடுப்புக்குக் கீழே சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டார்கள். ஒன்றாக நின்றால் மட்டும் போதாது, ஒன்றாகத் திரும்பவும் வேண்டும். மீன் இடது பக்கம் ஓர் அங்குலம் நகர்ந்தால், மூன்று பேரும் இடது பக்கம் நகர்வார்கள். மீன் சட்டென்று திரும்பினால், மூன்று பேரும் சட்டென்று திரும்புவார்கள். இசக்கி எப்போதும் ஒரு நொடி தாமதமாகத் திரும்பி மற்ற இரண்டு பேர் மீதும் முட்டிக்கொள்வான்.

கடைக்குப் போனாலும் மூன்று பேரும் அதே சட்டை, அதே துண்டோடு ஒட்டிக்கொண்டே போனார்கள். பழக்கம் விட்டுப்போகக் கூடாதல்லவா.

மரகதம் வாசலில் நின்று பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, புதுசா எந்தக் கட்சி?"

"கட்சி இல்ல தாயி. மீனுக்குத் துணை."

"ஓ. ஜெயிச்சா எனக்கும் ஒரு தொட்டி வாங்கிக் குடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நாள் முழுக்க இப்படித் திரும்பித் திரும்பி மூவருக்கும் கழுத்துப் பிடித்துக்கொண்டது. கொம்பையாவுக்குப் பயம் வந்துவிட்டது. மாலை விழ வேண்டிய கழுத்து. மூன்று பேரும் வண்ண மீன் விற்கிற ஞானப்பிரகாசத்தின் கடைக்குப் போனார்கள். அவர் அந்தச் சட்டைகளை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார்.

"கூட்டம் பத்தலைங்க. இன்னும் கொஞ்சம் மீன் விட்டா எல்லாம் தைரியமாச் சேந்துக்கும்," என்றார்.

"ஒண்ணுகூடக் குறையக் கூடாதுன்னுதானே பேச்சு," என்று இசக்கி யோசித்தான். "கூடக் கூடாதுன்னு சுவருகிட்ட சொல்லலையே."

ஞானப்பிரகாசம் ஒரு பாலித்தீன் பையில் தண்ணீர் ஊற்றி மீன்களைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது கண்டிப்பாகச் சொன்னார். "வெளித்தண்ணியோட சூடு வேற, உள்தண்ணியோட சூடு வேற. வெளியேர்ந்து வந்ததை நேரா உள்ள விட்டீங்கன்னா அதிர்ச்சியிலயே செத்துரும். பையோட தொட்டியில மிதக்கவிடுங்க. உள்தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பழக்குங்க. பழகின பிறகுதான் உள்ள விடணும். அவசரப்படவே கூடாது."

இந்த ஒரு பேச்சு மட்டும் சுவர் வழியாக வராமல் நேராக வந்தது. அதனால் மூன்று பேர் மனதிலும் ஆழமாகப் பதிந்தது.

சொன்னபடியே பையை மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிப் பழக்கி, அப்புறம்தான் அவிழ்த்துவிட்டார்கள். புது மீன்கள் நேராகப் போய்ப் பெரிய கூட்டத்தில் சேர்ந்துகொண்டன. மூலையில் நின்றதை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தியா," என்றார் கொம்பையா. "வந்த அன்னைக்கே பெரிய இடம் எதுன்னு பாத்துச் சேந்துட்டானுவ. என்ன ஏதுன்னு ஒருத்தன் விசாரிச்சானா?"

மறுபடியும் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு மூலைக்குப் போனார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தையல்காரர் சிட்டிகையோ, வாளிக்குக் கிடைத்த ஓய்வோ, எது காரணமோ, ஒரு மீன்கூடச் சாகவில்லை.

தளவாயும் கோமதியும் வந்து இறங்கியது நல்ல உச்சி வெயிலில். பேரன் பிறந்த சந்தோஷம் இரண்டு பேர் முகத்திலும் இருந்தது. தளவாய் கையில் வாழை இலையில் சுற்றிய பெரிய பொட்டலம் ஒன்று இருந்தது. உள்ளே ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய மாலை. பஸ் ஸ்டாண்டில் கோமதி அவரை நிற்கவைத்து வாங்கவைத்தது. நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக மரகதமும் இன்னும் சில பெண்களும் வாசலுக்கு வந்தார்கள். தையல்காரரும் வந்திருந்தார்.

தளவாய் நிலைப்படியில் காலை வைத்தார். நீலச் சட்டை போட்ட மூன்று பேர் வழியை மறித்தார்கள்.

"ஏ கதவே, இது என் வீடுன்னு சொல்லு," என்றார் தளவாய்.

"ஏ கதவே, வெளியேர்ந்து வந்தவரு நேரா உள்ள வந்தா அதிர்ச்சியிலயே செத்துருவாருன்னு சொல்லு," என்றார் கொம்பையா. "அவரு செத்துட்டா எனக்கு மாலை போடுத கை எங்க இருக்குன்னும் கேளு."

"புனேச் சூடு வேற, அம்பாசமுத்திரத்துச் சூடு வேற," என்று இசக்கி விளக்கம் சொன்னான். "பழக்கித்தான் விடணும்."

தளவாயைத் தொட்டியில் மிதக்கவிட முடியுமா என்று ஒரு பேச்சு வந்தது. சொள்ளமுத்து அவரை மேலும் கீழும் அளந்து பார்த்துவிட்டு, முடியாது என்றான். அப்படியானால் உள்தண்ணீர்தான். அந்த வாரத்துக் கால்வாசித் தண்ணீரை அன்றைக்குக் காலையில்தான் எடுத்து வைத்திருந்தார்கள். இரண்டாம் பாகம், கோட்டுக்கு உள்ளே இருந்தது மட்டும். இசக்கி ஒரு டம்ளர் மொண்டு தளவாயின் தலையில் ஊற்றினான்.

"என்னவே செய்யுதீரு?" என்றார் தளவாய், சுவரையும் மறந்து, கதவையும் மறந்து.

"அவசரப்படவே கூடாது," என்று இசக்கி அடுத்த டம்ளரை மொண்டான். "இப்பம் எப்படி இருக்கு? உள்ள வரலாம்போல இருக்கா?"

தளவாய் மூக்கு நுனியில் ஒரு பாசித் துணுக்கு தொங்கியது. மாலைப் பொட்டலத்தை மட்டும் நனையாமல் உயரத் தூக்கிப் பிடித்திருந்தார். இதற்குள் கோமதி பின்வாசல் வழியாக உள்ளே போய், காப்பி போட்டுக் குடித்தும் முடித்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அவ இந்த ஊரு தண்ணியில பிறந்தவ. தாங்குவா," என்றான் சொள்ளமுத்து.

வாளி காலியானதும் தளவாயை உள்ளே விட்டார்கள். அவர் நேராகத் தொட்டிக்குப் போனார். ஒவ்வொரு மீனாகப் பார்த்தார். எல்லாம் இருந்தன. அவர் விடாத மீன்களும் இருந்தன. குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை.

"எல்லாம் இருக்குன்னு சொல்லு," என்றார் சுவரிடம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கோமதி அண்ணனை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். பெண்கள் வழிவிட்டு நின்றார்கள். கொம்பையா நீலச் சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துவிட்டுக் கழுத்தை நீட்டினார். இத்தனை வருஷமாக நீட்டி வைத்திருந்த கழுத்துதான் அது. தளவாய் பொட்டலத்தைப் பிரித்து மாலையை எடுத்தார். இரண்டு கையாலும் விரித்தார்.

"நில்லுங்க," என்றான் இசக்கி. "மாலையும் வெளியேர்ந்துதானே வந்திருக்கு."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"நேராப் போட்டா அண்ணாச்சி கழுத்து என்னத்துக்கு ஆகும்?"

கொம்பையாவுக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. இவ்வளவு காத்திருந்து, கடைசியில் அதிர்ச்சியில் போய்விட்டால்? "மிதக்கவிடு," என்றார்.

இசக்கி தளவாய் கையிலிருந்து மாலையை வாங்கித் தொட்டியில் மிதக்கவிட்டான். ரோஜாவும் சம்பங்கியும் வட்டமாக மேலே நின்றன. அதன் நிழல் தண்ணீருக்குள் விழுந்தது. நடுவில் நின்ற மீன்கள் ஒவ்வொன்றாக அந்த நிழலுக்குக் கீழே வந்தன. பிறகு செடிக்குப் பின்னால் லேசாக ஓர் அசைவு தெரிந்தது. மூலையில் இருந்தது மெதுவாக வெளியே வந்தது. மாலைக்குக் கீழே போய், மற்ற மீன்களின் நடுவில், நாள்பட்ட சொந்தம் போல நின்றுகொண்டது.

 தளவாயின் கண்கள் கலங்கிவிட்டன, அல்லது தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"ஏ சுவரே, என் மீனு இப்படி ஒண்ணுவிடாமச் சேந்து நான் பாத்ததே இல்லைன்னு சொல்லு."

"சந்தோசம்னு சொல்லு. மாலை பழகியாச்சு, எடுத்துப் போடச் சொல்லு," என்றார் கொம்பையா.

தளவாய் மாலையின் ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கினார். அவ்வளவுதான், மீன்கள் நாலு பக்கமும் சிதறின. ஒற்றை மீன் மூலைக்கு ஓடி நடுங்கிக்கொண்டு நின்றது. மாலையை விட்டார். எல்லாம் திரும்பிவந்து சேர்ந்துகொண்டன. மறுபடி தூக்கினார். மறுபடி சிதறின. மாலையை விட்டுவிட்டுத் தளவாய் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏ சுவரே, மீனு குறைஞ்சா மாலை இல்லைன்னுதானே பேச்சு? மாலைய எடுத்தா அது பயந்து சாகும். செத்தா மீனு குறையும். குறைஞ்சா மாலை கிடையாது. அதனால மாலைய எடுக்காம இருந்தாத்தான் அவருக்கு மாலை உண்டுன்னு சொல்லு. அந்தா கிடக்கு, அவரு மாலைதான்."

மூன்று பேரும் இதை நெடுநேரம் மனதுக்குள் உருட்டிப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓர் ஓட்டைகூட இல்லை.

"சரியாத்தான் சொல்லுதாவ அண்ணாச்சி," என்றான் இசக்கி வருத்தத்தோடு.

சொள்ளமுத்து மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான். "மாலை கழுத்துக்கு வரக் கூடாது. அம்புட்டுத்தானே? கழுத்து மாலைக்குப் போகக் கூடாதுன்னு இல்லையே."

கொம்பையா ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மாலையின் நடுவில் தலையை விட்டுத் தொட்டிக்குள் கழுத்துவரை இறங்கினார். மாலை அவர் கழுத்தைச் சுற்றி அழகாக உட்கார்ந்தது. மீன்கள் சிதறவில்லை. நிழல் இன்னும் பெரிதாகிவிட்டதே என்று அவருடைய மீசைப் பக்கம் வந்து கூடின.

உள்ளே போனதும்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. இது மாலை போட்டதாகாது. போட வேண்டிய கைகள் வெளியே துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தளவாயின் முகம் குனிந்து பார்த்தது. நடுவில் சுவரும் இல்லை, கதவும் இல்லை. ஆகையால் கொம்பையா கல்யாணத்துக்குப் பின் முதல் தடவையாகத் தளவாயிடம் நேராகவே பேசினார். மேனேஜரைப் பற்றிப் பேசினார், சாம்பாரைப் பற்றிப் பேசினார், ஆல்பத்தில் தெரிகிற காதைப் பற்றி விரிவாகப் பேசினார். மனதில் இருந்தது ஒன்று விடாமல் பேசினார். எல்லாம் குமிழி குமிழியாக மேலே வந்து உடைந்தது.

"ஏ சுவரே, என்ன சொல்லுதாருன்னு கேளு," என்றார் தளவாய்.

இசக்கி குமிழிகளைக் கூர்ந்து பார்த்தான். "சோப்பு கேக்காவ போல."

மூச்சு தீர்ந்ததும் கொம்பையா மாலையை அங்கேயே விட்டுவிட்டுத் தலையை வெளியே எடுத்தார்.

"கழுத்துல கிடந்துச்சு, நாலு பேரும் பாத்தாச்சு," என்றான் சொள்ளமுத்து. "அப்ப தீந்துபோச்சு."

"யாரு கை போட்டுது?" என்றார் கொம்பையா இருமிக்கொண்டே.

"கை இல்ல. உங்க தலைதான் போட்டுது."

"பேச்சு கையைப் பத்தினது. அந்தக் கை இன்னும் பாக்கி."

கோமதி அவர் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "ஈரத்தோட நிக்காத அண்ணே. வீட்டுக்குப் போயி சட்டைய மாத்து."

கொம்பையா வாசலைப் பார்த்து நடந்தார். நிலைப்படியில் இசக்கி பாய்ந்து வந்து தடுத்தான்.

"நில்லுங்க அண்ணாச்சி. தலை உள்தண்ணியில பழகிப்போச்சு. சட்டுனு வெளிய போனா என்னத்துக்கு ஆகும்?"

அது வாஸ்தவம்தான். கொம்பையா நிலைப்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றார். சொள்ளமுத்து தெருக்குழாயில் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தான். இசக்கி ஒவ்வொரு டம்ளராக, அவசரப்படாமல், அவர் தலையில் வெளித்தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தான். உள்ளே தளவாய் தொட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். இனி அவருக்கு எதுவும் கேட்காது.

கொம்பையாவுக்கு இன்னும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுச் சுவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. எதிரே மின்சாரக் கம்பம்தான் நின்றது.

"ஏ கம்பமே," என்றார் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு. "ஒரு மாலை இன்னும் பாக்கி இருக்குன்னு உள்ள சொல்லிரு."

இசக்கி டம்ளரை வைத்துவிட்டுப் போய்க் கம்பத்தில் காதை வைத்துக் கேட்டான்.

"என்ன சொல்லுது?"

"ம்ம்ம்னு சொல்லுது அண்ணாச்சி. நிறுத்தாமச் சொல்லுது."

"அப்ப ஒத்துக்கிட்டுது," என்றார் கொம்பையா. "நீ ஊத்து."